புடவைப் படத்தைக் காட்டி ஸ்டாக்கில் தேட வேண்டும்: ஜாவாவில், கடைக் கணினியிலேயே முடியுமா?

வண்ணை_ஜாவா
எல்லோருக்கும் வணக்கம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையின் பில்லிங், ஸ்டாக் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நெட்பீன்ஸில் கட்டிய ஸ்விங் (ஜாவாவின் திரைக் கருவித்தொகுப்பு) நிரல், ஜேடிகே 8 என்ற பழைய ஜாவா பதிப்பில் ஓடுகிறது, தொந்தரவு இல்லை. இப்போது கடையில் புதிதாக ஒன்று கேட்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் போனை நீட்டி, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் காட்டி, "இதே மாதிரி இருக்கா?" என்கிறார்கள். பல வருடம் நின்ற விற்பனையாளர் பார்த்த உடனே எந்த அடுக்கு என்று சொல்லிவிடுவார். புதிதாகச் சேர்ந்தவர்கள் பாவம், இருக்கிற பண்டலை எல்லாம் பிரித்துப் போடுகிறார்கள்.

ஸ்டாக்கில் சுமார் 40,000 படங்கள் டிசைன் நம்பரோடு இருக்கின்றன. படத்தைக் கொடுத்தால் ஒத்துப்போகிற பத்துப் புடவைகளைத் திரையில் காட்ட வேண்டும். கணினியில் 8 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. படங்கள் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்று முதலாளி உறுதியாகச் சொல்லிவிட்டார். புது டிசைன் வெளியே போனால் நகல் வர நாளாகாது என்பது அவர் கவலை, அது நியாயம்தான். அதனால் மாதச் சந்தா கிளவுட் சேவை வேண்டாம், ஓப்பன் சோர்ஸ் மட்டும். பைத்தானில் எளிது என்று பலர் சொன்னார்கள். ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்குக் கடையில் பழுது என்றால் ஓடப்போவது நான்தான், எனக்குக் கை பழகியது ஜாவா. எங்கிருந்து தொடங்கலாம்?

பெரம்பூர்_லூசீன்
தம்பி, முதலில் லைர் லைப்ரரியைப் பாருங்கள். லூசீன் இமேஜ் ரிட்ரீவல் என்பதன் சுருக்கம், லூசீன் என்பது ஜாவாவில் எழுதிய தேடல் லைப்ரரி. ஆஸ்திரியாவில் கிளாகன்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் மத்தியாஸ் லக்ஸ் தொடங்கிய திட்டம், முழுக்க ஜாவா. படத்திலிருந்து நிறம், விளிம்பு, இழையமைப்பு இவற்றை எண்களாக மாற்றி லூசீன் குறியீட்டில் (இண்டெக்ஸ்) வைக்கும். தேடும்போது அந்த எண்களுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் கணக்கிடும்.

உங்களுக்கு அதில் முதலில் தேவைப்படுவது செட் (CEDD) என்ற விவரிப்பான், அதாவது படத்தைச் சில எண்களாகச் சுருக்கும் முறை. 24 நிறப் பெட்டிகள், 6 இழையமைப்பு வகைகள், பெருக்கினால் 144 எண்கள். ஒவ்வொன்றையும் 3 பிட்டில் சுருக்கி ஒரு படத்துக்கு 54 பைட்டில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் 40,000 படங்களுக்கும் சேர்த்து 2 எம்பி சொச்சம்தான். பழைய கணினியிலும் நொடிக்குள் விடை வரும். நரம்பு வலையமைப்பு எதுவும் வேண்டாம்.

காசிமேடு_கோடர்
பெரம்பூர் அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் என் யோசனை வேறு. செட் எல்லாம் 2008 காலத்துக் கருவி. புடவையை மடித்து எடுத்த படமும், ஒருவர் கட்டிக்கொண்டு நிற்கும் படமும் அதற்கு இரண்டு வேறு உலகம். பின்னால் இருக்கும் சுவர், செடி, முகம் எல்லாமே கணக்கில் சேர்ந்துவிடும்.

ஓப்பன்ஏஐ 2021 ஜனவரியில் வெளியிட்ட கிளிப் என்ற நரம்பு வலையமைப்பு மாடல் எம்ஐடி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதன் விஐடி-பி/32 வடிவத்தில் படத்துக்கான பாதியை மட்டும் எடுத்து ஓஎன்என்எக்ஸ் (மாடலைப் பல மொழிகளிலிருந்தும் ஓட்ட உதவும் பொது வடிவம்) கோப்பாக மாற்றினால் சுமார் 350 எம்பி. ஓஎன்என்எக்ஸ் ரன்டைமுக்கு ஜாவா லைப்ரரி உண்டு, மேவனில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஒவ்வொரு படமும் 512 எண்கள் கொண்ட வெக்டர் (எண் வரிசை) ஆகும், ஒத்த படங்களின் வெக்டர்கள் நெருங்கி இருக்கும். சாதாரண சிபியூவிலேயே ஒரு படத்துக்கு ஒரு நொடிகூட ஆகாது. 40,000 படத்தையும் கடை மூடியபின் ஓடவிட்டால் காலைக்குள் முடிந்திருக்கும்.

வண்ணை_ஜாவா
இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. வெக்டர் வழியில் போனால் தேடலுக்கு லூசீனின் எச்என்எஸ்டபிள்யூ குறியீடு (எல்லாவற்றையும் ஒப்பிடாமல் நெருங்கிய வெக்டர்களைத் தேடும் முறை) வேண்டுமா? லூசீன் 9 வந்ததிலிருந்து அது உள்ளேயே இருக்கிறது என்று படித்தேன். ஆனால் அதற்கு ஜாவா 11 வேண்டும், லூசீன் 10க்கு ஜாவா 21. என் நிரல் 8இல் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ராயபுரம்_கீபோர்டு
தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். 512 ஃப்ளோட் (4 பைட் தசம எண்) என்றால் ஒரு படத்துக்கு 2,048 பைட். 40,000 படத்துக்கு 82 எம்பி. ஒரு தேடலுக்கு ஏறத்தாழ 2 கோடி பெருக்கல், கூட்டல். இதை ஒரே பெரிய ஃப்ளோட் வரிசையில் வைத்து நேராக ஒரு லூப் ஓட்டினால் கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். எச்என்எஸ்டபிள்யூ தோராயமான விடைதான் தரும், நேர் லூப் சரியான விடை தரும். விற்றுப்போன டிசைனை லூப்புக்குள்ளேயே ஒரு நிபந்தனை வைத்துத் தாண்டிவிடலாம். பத்து லட்சம் படம் வரும்போது குறியீடு பற்றி யோசிக்கலாம். வெக்டர்களை முன்கூட்டியே நீளம் 1 ஆக இயல்பாக்கி வைத்தால் புள்ளிப் பெருக்கலே ஒப்புமை அளவு, வகுத்தல்கூடத் தேவையில்லை.

ஜேடிகே 8 சிக்கலுக்கு: பில்லிங் நிரலைத் தொடாதீர்கள், ஓடுகிற பில்லிங்கில் கைவைக்கவே கூடாது. தேடலை ஜேடிகே 21இல் தனி நிரலாக எழுதுங்கள். ஜேடிகேயோடு வரும் சின்ன எச்டிடிபி சர்வரே போதும், ஸ்பிரிங் பூட் அவசியம் இல்லை. அதே கணினிக்குள் ஒரு போர்ட்டில் உட்காரட்டும், ஸ்விங் பக்கம் படத்தை அனுப்பி டிசைன் நம்பர்களை வாங்கிக்கொள்ளட்டும். நிறுவுவதற்கு ஜேபேக்கேஜ் இருக்கிறது, ஜேடிகே 16இல் முழுமையடைந்தது. ஜாவா ரன்டைமையும் உள்ளே வைத்தே கட்டிக் கொடுக்கும், கடைக் கணினியில் ஜாவா பதிப்புத் தகராறு வராது. விண்டோஸில் எம்எஸ்ஐ உருவாக்க விக்ஸ் கருவி தனியாக வேண்டும். ஆப்-இமேஜ் வகையைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் வேண்டாம், ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வைத்துவிடலாம்.

சவுகார்பேட்டை_ஜவுளி
நான் நிரல் எழுதுகிறவன் அல்ல, ஜவுளி மொத்த வியாபாரம். தலைப்பைப் பார்த்து வந்தேன். நீங்கள் எல்லாம் படம், படம் என்கிறீர்கள். வாங்க வருகிறவர் உண்மையில் என்ன கேட்கிறார் என்று முதலில் பாருங்கள். "இதே மாதிரி" என்றால் சிலருக்கு அதே கலர். சிலருக்கு அதே பார்டர், உடல் எந்தக் கலரானாலும் சரி. கல்யாணத்துக்கு எடுப்பவர் முந்தானையைத்தான் பார்ப்பார். உடலில் புட்டா பெரிதா சிறிதா என்று கேட்பவர்களும் உண்டு. ஒரே வார்த்தையில் நாலு பேர் நாலு சாமான் கேட்கிறார்கள். கடையாள் ஒரு கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடுக்குக்குக் கை நீட்டுவார். உங்கள் கணினி அந்தக் கேள்வியைக் கேட்குமா?

பெரம்பூர்_லூசீன்
ஐயா சொன்னதுதான் இந்த இழையின் மையம் என்று நினைக்கிறேன். செட்டா கிளிப்பா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்ததற்கு முன்னால் இது வரவேண்டும்.

ராயபுரம்_கீபோர்டு
ஆமாம். அப்படியானால் வடிவமைப்பே மாறுகிறது. ஸ்டாக்கில் ஒரு புடவைக்கு ஒரு படம் போதாது. உடல், பார்டர், முந்தானை என்று மூன்று படம் எடுத்து மூன்று தனி வெக்டர்களாக வையுங்கள். டிசைன் நம்பர் ஒன்றுதான். 40,000 படத்தையும் ஒரேயடியாகத் திரும்ப எடுக்க முடியாது, தெரியும். புதிதாக வரும் சரக்கிலிருந்து தொடங்குங்கள், பழையது தானாக விற்றுக் குறையும்.

தேடும் திரையில் வாடிக்கையாளர் படம் வந்ததும், கடையாள் மவுஸால் ஒரு கட்டம் இழுக்கட்டும்: பார்டர் வேண்டுமா, பார்டர் மேல் கட்டம். பிறகு "உடல், பார்டர், முந்தானை" மூன்று பொத்தானில் ஒன்று. ஸ்விங்கில் மவுஸ் இழுத்துக் கட்டம் வரைவது மிகச் சின்ன வேலை. ஐயா சொன்ன கேள்வியைக் கடையாளே வாங்குகிறவரிடம் கேட்டுவிடுவார், கணினிக்குப் பதில் மட்டும் போகும். பின்னணிச் சுவர், முகம், செடி எல்லாம் இந்த ஒரு கட்டத்தோடு காணாமல் போகும். பின்னணியை நீக்கத் தனி மாடல் தேடி அலைய வேண்டாம்.

காசிமேடு_கோடர்
அக்கா சொல்வது கிளிப்புக்கும் பொருந்துகிறது, ஒரு முக்கியமான காரணம் உண்டு. கிளிப்பின் வழக்கமான முன்தயாரிப்பு, படத்தின் குறுகிய பக்கத்தை 224 பிக்சலுக்குச் சுருக்கி, நடுவில் 224க்கு 224 சதுரத்தை மட்டும் வெட்டி எடுக்கும். நெட்டையான புடவைப் படத்தில் மேலும் கீழும் போய்விடும். பார்டர் எங்கே இருக்கும்? அந்த ஓரத்தில்தான். மாடல் பார்டரைப் பார்க்கவே இல்லை, நாமோ "பார்டர் தெரியாத மாடல்" என்று குறை சொல்வோம். நடுவெட்டை விட்டுவிட்டு, வெற்றிடத்தை நிரப்பிச் சதுரமாக்கிச் சுருக்குங்கள்.

இன்னொன்று, ஜாவாக்காரர்களுக்கு மட்டும் வரும் பொறி. ஜாவாவோடு வரும் இமேஜ்ஐஓ என்ற படம் திறக்கும் பகுதி ஜேபெக்கைத் திறந்தால் பெரும்பாலும் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் பைட்டுகளை வைக்கும். கிளிப் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கும். வேகத்துக்காக ராஸ்டர் பைட்டுகளை அப்படியே அள்ளிப் போட்டால் அரக்குப் புடவை நீலப் புடவையாக மாடலுக்குத் தெரியும். பிழைச் செய்தி எதுவும் வராது, விடை மட்டும் கெட்டிருக்கும். கெட்ஆர்ஜிபி மூலம் எடுத்தால் வரிசை சரியாக இருக்கும்.

வண்ணை_ஜாவா
இதை யாரும் இதுவரை சொல்லித் தரவில்லை அண்ணா, மிக்க நன்றி. லைப்ரரி தேர்வு அப்புறம் இருக்கட்டும், படத்தைத் திறக்கும் பக்கத்திலேயே இத்தனை இருக்கிறதே. வேறு என்ன கவனிக்க வேண்டும்?

ராயபுரம்_கீபோர்டு
நிறைய இருக்கிறது தம்பி. என் அனுபவத்தில் படத் தேடலின் தரம் பாதிக்கு மேல் இங்கேதான் தீர்மானமாகிறது, ஆனால் எல்லோரும் மாடலைப் பற்றியே பேசுகிறோம்.

போன் கேமரா படத்தைச் சாய்த்து எடுத்தால் பிக்சலைத் திருப்பாமல் எக்சிஃப் தகவலில் (படக் கோப்புக்குள் இருக்கும் குறிப்பு) "திருப்பிக் காட்டு" என்று மட்டும் எழுதி வைக்கும். இமேஜ்ஐஓ அதை மதிக்காது. நெடுக்குக் கோடு போட்ட புடவை குறுக்குக் கோடாகக் குறியீட்டில் ஏறும். மெட்டாடேட்டா-எக்ஸ்ட்ராக்டர் லைப்ரரியில் அந்த எண்ணைப் படித்து நீங்களே திருப்புங்கள்.

வெப்பி வகைப் படங்களையும், அச்சுக்காரர்கள் அனுப்பும் சிஎம்ஒய்கே (அச்சு மை நிறங்களில் உள்ள) ஜேபெக்கையும் இமேஜ்ஐஓ தனியாகத் திறக்காது. ட்வெல்வ்மங்கீஸ் ப்ளக்-இன்னைச் சேர்த்தால் நிரலில் ஒரு வரி மாற்றாமலே திறக்கும். ஐபோனின் ஹெய்க் படங்களுக்கு அது உதவாது, போன் அமைப்பில் ஜேபெக் என்று மாற்றச் சொல்லுங்கள்.

நினைவகம்: 4000க்கு 3000 படம் கோப்பில் 3 எம்பி இருக்கும். திறந்தால் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. பேரலல் ஸ்ட்ரீமில் எட்டு த்ரெட் ஒரே நேரத்தில் ஓடினால் 288 எம்பி, சுருக்கும்போது வரும் நகல்கள் தனி. ஹீப் (ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகம்) தீர்ந்துவிட்டது என்று நிரல் நின்றால் காரணம் இதுதான். சப்சாம்ப்ளிங் அளவை 2 என்று வைத்துத் திறந்தால் கால்வாசி ஆகும். அதற்கு மேல் ஏற்றாதீர்கள். அது நடுவில் உள்ள பிக்சல்களைச் சராசரி எடுக்காமல் தாண்டிப்போகிறது. நெருக்கமான கட்டம் போட்ட காட்டன் புடவையில் இல்லாத கோடுகள் முளைக்கும், செட் மாதிரியானவை அந்தக் கோட்டை உண்மை என்று நம்பும். 2க்கு மேல் சுருக்கத் தம்ப்நெய்லேட்டர் மாதிரி முறையான சுருக்கியைப் பயன்படுத்துங்கள்.

ஆண்டர்சன்தெரு_அச்சு
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் வைத்திருக்கிறோம், எங்களுக்கும் இதே கேள்வி. பழைய கார்டின் படத்தைக் காட்டி அதே வேண்டும் என்கிறார்கள். எங்களுக்கும் கிளிப்தானா?

பெரம்பூர்_லூசீன்
உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம் நண்பரே. கார்டு தட்டையான பொருள், மடிப்பு இல்லை, அதே அச்சுதான். இரண்டு அடுக்கு போதும். முதலில் டி-ஹாஷ்: படத்தைச் சாம்பல் நிறத்தில் 9க்கு 8 பிக்சலாகச் சுருக்கி, பக்கத்துப் பிக்சல் பிரகாசமா மங்கலா என்று ஒப்பிட்டால் 64 பிட். ஜாவாவில் அது ஒரே ஒரு லாங் (64 பிட் முழு எண்). இரண்டு லாங்கை எக்ஸார் செய்து பிட்கவுண்ட் எடுத்தால் எத்தனை பிட் வேறுபடுகிறது என்று தெரியும், ஜேவிஎம் அதை ஒரே சிபியூ கட்டளையாக மாற்றிவிடும். நேராக எடுத்த படம், ஃபார்வர்ட் ஆகி அழுத்தம் ஏறிய படம் எல்லாம் இதில் சிக்கும். கோணலாகவோ பாதியாகவோ எடுத்த படத்துக்கு ஓஆர்பி புள்ளிப் பொருத்தம் (இரண்டு படத்திலும் தனித்துத் தெரியும் புள்ளிகளைக் கண்டு இணைப்பது), ஜாவாசிவி வழியாக ஓப்பன்சிவியில் கிடைக்கும். முழு ஜாவாவே வேண்டுமானால் பூஃப்சிவி இருக்கிறது, அப்பாச்சி 2.0 உரிமம், அதில் அதே வேலைக்கான சர்ஃப் புள்ளிகள் உண்டு.

வண்ணை தம்பிக்கும் டி-ஹாஷ் உதவும். வாடிக்கையாளர் கொண்டுவரும் படங்களில் பல, மொத்த வியாபாரியின் கேட்டலாக் படமே சுற்றிச் சுற்றி வந்தது. உங்கள் ஸ்டாக்கிலும் அதே கேட்டலாக் படம் இருந்தால் வித்தியாசம் பெரும்பாலும் 8 பிட்டுக்குள் அடங்கும். முதலில் அதைப் பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் வெக்டருக்குப் போங்கள்.

சவுகார்பேட்டை_ஜவுளி
சூரத் சரக்குக்கு இது சரி. ஒரே கேட்டலாக் ஊர் முழுக்கப் போகும். பட்டுக்கும் கைத்தறிக்கும் கேட்டலாக் படம் இருக்காது, கடையில் எடுத்ததுதான்.

வண்ணை_ஜாவா
டி-ஹாஷ், கிளிப் இரண்டையும் சேர்த்து ஒரு சோதனை வடிவம் ஓடுகிறது, எல்லோருக்கும் நன்றி. பார்டர் கட்டம் இழுப்பது கடையில் உடனே பிடித்துவிட்டது. ஆனால் இரண்டு குறை. ஸ்டாக் படங்களை வெக்டராக்கி ஏற்றும் வேலை நினைத்ததைவிட மெதுவாக ஓடுகிறது, மாடல்தான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாவது, கிளிப் தரும் பத்தில் டிசைன் சரி, கலர் தவறு. வாடாமல்லி கேட்டால் வெங்காயக் கலரும் வருகிறது.

ராயபுரம்_கீபோர்டு
முதல் குறைக்கு ஊகம் வேண்டாம், அளந்துவிடுங்கள். நிரல் ஓடுவதைப் பதிவு செய்யும் ஃப்ளைட் ரெக்கார்டர் ஜேடிகே 11இலிருந்து திறமூலமாக உள்ளேயே இருக்கிறது. நிரலைத் தொடங்கும்போது அதை இயக்கி, பதிவான கோப்பை மிஷன் கன்ட்ரோலில் திறந்தால் எந்த மெத்தடில் நேரம் போகிறது என்று தெரியும். பெரிய ஜேபெக்கைத் திறப்பதே நேரத்தைத் தின்றால் நான் வியப்படைய மாட்டேன். அப்படியானால் சரக்கு வந்து படம் எடுத்த அன்றே சின்ன நகல் ஒன்றைச் சேமித்துவிடுங்கள். நாளைக்கு மாடலை மாற்றினாலும் பெரிய படத்தைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்காது.

காசிமேடு_கோடர்
இரண்டாவது குறைக்கு: கிளிப் இணையத்துப் படங்களையும் அவற்றின் விளக்கங்களையும் வைத்துப் பழகியது. "இளஞ்சிவப்புப் புடவை" என்ற அளவில் ஒன்றாகத் தெரியும், வாடாமல்லிக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் நாம் பார்க்கும் இடைவெளி அதற்குப் பெரிதல்ல. இங்கே பெரம்பூர் அண்ணன் பக்கத்துக்கு வருகிறேன். கிளிப்பிடம் நூறு விடை வாங்கி, அதை நிறத்தை வைத்து மறுவரிசைப்படுத்துங்கள்.

பெரம்பூர்_லூசீன்
மறுவரிசைக்குச் செட்டையே நான் சொல்ல மாட்டேன் தம்பி, அதன் 24 நிறப் பெட்டி புடவைக் கலருக்குப் பெரிது. அரக்கும் மெரூனும் ஒரே பெட்டியில் விழ வாய்ப்பு உண்டு. கட்டத்துக்குள் இருக்கும் பிக்சல்களை சிஐஇ-லேப் நிறவெளிக்கு மாற்றி, முதன்மையான இரண்டு மூன்று நிறங்களை எடுத்துத் தூரம் பாருங்கள். கண் உணரும் வித்தியாசத்துக்கு நெருக்கமான வெளி அது. மாற்றும் சூத்திரம் ஜாவாவில் சில வரிகள்தான், லைப்ரரி தேவையில்லை. ஸ்டாக் படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டை வையுங்கள். டியூப் லைட்டின் சாயத்தை அந்த அட்டையை வைத்துக் கழித்துவிடலாம். வாடிக்கையாளர் படத்துக்கு அந்த வசதி இல்லை, அதனால் நிறத்தின் எடையைக் கடையாள் கூட்டிக் குறைக்க ஒரு ஸ்லைடர் வையுங்கள்.

ராயபுரம்_கீபோர்டு
எதை மாற்றினாலும் முன்னைவிட நன்றா என்று தெரிய வேண்டும். அந்தப் பழைய விற்பனையாளரை உட்கார வையுங்கள். வாடிக்கையாளர்கள் சம்மதத்தோடு கொடுத்த படங்களைக் காட்டி, எந்த டிசைன் நம்பர் சரியான விடை என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். அதை ஒரு ஜேயூனிட் சோதனையாக்குங்கள் (நிரலைக் கட்டும்போதே தானாக ஓடும் சோதனை): முதல் பத்தில் சரியான விடை எத்தனை கேள்விக்கு வந்தது, போன முறையைவிடக் குறைந்தால் பில்ட் நிற்க வேண்டும். அவருடைய அறிவு இப்படித்தான் நிரலுக்குள் வரும். அவர் பெயரையும் நிரலின் அறிமுகத் திரையில் போடுங்கள், அவருக்கு உரியது.

வண்ணை_ஜாவா
கண்டிப்பாகப் போடுகிறேன் அக்கா. லைர் ஜிபிஎல் உரிமம் என்கிறார்கள், அதைக் கடைக்குக் கொடுத்தால் சிக்கலா?

பெரம்பூர்_லூசீன்
ஜிபிஎல் காசு வாங்குவதைத் தடுக்காது. நிரலைப் பெறுகிறவருக்கு மூலக் குறியீட்டையும் அதே உரிமையோடு தர வேண்டும் என்கிறது. கடைக்காரருக்கு மூலக் குறியீடு கொடுப்பதில் உங்களுக்குத் தயக்கம் இல்லை என்றால் சிக்கல் இல்லை. இப்போதைய உங்கள் வடிவத்தில் லைர் இல்லவே இல்லை. ஓஎன்என்எக்ஸ் ரன்டைம் எம்ஐடி, மெட்டாடேட்டா-எக்ஸ்ட்ராக்டர் அப்பாச்சி, ட்வெல்வ்மங்கீஸ் பிஎஸ்டி. உரிமக் கோப்புகளை உடன் வைத்தால் போதும்.

வண்ணை_ஜாவா
நிற மறுவரிசை சேர்த்ததும் நன்றாகத் தேறிவிட்டது. விற்பனையாளரோடு உட்கார்ந்து சோதனைப் படங்களும் தயார். மீதி இருக்கும் தவறுகளைப் பார்த்தால் ஒரே வகைதான் திரும்பத் திரும்ப: மயில்கழுத்துப் பட்டு. ஸ்டாக்கில் பச்சையாக இருக்கிறது, வாடிக்கையாளர் படத்தில் நீலமாக இருக்கிறது. வெள்ளை அட்டை வைத்தும் சரியாகவில்லை.

சவுகார்பேட்டை_ஜவுளி
அது படத்தின் குறை இல்லை தம்பி. மயில்கழுத்தில் பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். பார்க்கும் பக்கத்தைப் பொறுத்து ஒன்று தூக்கலாகத் தெரியும். கையில் வைத்துத் திருப்பிப் பாருங்கள், இரண்டும் உண்மைக் கலர்தான்.

ராயபுரம்_கீபோர்டு
அப்படியானால் ஒரு புடவைக்கு ஒரு நிறம் என்று சேமிப்பதே பொருந்தாது. இரட்டை நிறப் பட்டுக்கு மட்டும் துணியை மூன்று கோணத்தில் திருப்பி எடுத்து, மூன்றையும் அதே டிசைன் நம்பரில் வையுங்கள். தேடலில் ஒவ்வொரு டிசைனுக்கும் இருக்கிற படங்களில் மிக நெருங்கிய ஒன்றின் தூரத்தையே அந்த டிசைனின் தூரமாக எடுங்கள். திரையில் ஒரு டிசைன் ஒரு தடவை மட்டும் வரட்டும். தரவுத்தளத்தில் படம் தனி அட்டவணை, டிசைன் தனி அட்டவணை என்று ஏற்கெனவே பிரித்திருந்தால் இன்று சாயங்காலமே முடிந்துவிடும் வேலை.

வண்ணை_ஜாவா
பிரித்துத்தான் வைத்திருக்கிறேன் அக்கா. நாளைக்குக் கடை திறந்ததும் மயில்கழுத்து அடுக்கிலிருந்து படம் எடுக்க ஆரம்பிக்கிறோம்.